ரெண்டு பேருக்கான குடுவை

தேன்வரை என்கிற மலையூரில் சாயங்காலம் ஆனதும் கதவுகள் எல்லாம் தாமாகத் திறந்து மேற்கே பார்த்து நிற்கும், கொடியில் கிடக்கும் துணிகள் காற்றே இல்லாமல் மேற்கே நீளும், கோழிகள் நடக்காமலே நாலடி மேற்கே நகர்ந்துபோய் என்ன நடந்ததென்று தெரியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். இதற்காக ஊரில் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக்கொடுத்து, துணிக்கு ரெண்டு கிளிப் கூடுதலாகப் போட்டு, அடுப்பில் காய்கிற பாலைக் கரித்துணியால் ஒரு கை பிடித்துக்கொண்டு, “டீச்சர் காப்பி போடுறாங்க” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பஸ்ஸை விட்டு இறங்கிய வெளியூர்க்காரன் எவனாவது தொப்பியைத் துரத்திக்கொண்டு ஓடினால் அவனுக்கும் அதையேதான் சொல்வார்கள், அவனும் என்னத்தைப் புரிந்துகொண்டானோ, தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

டீச்சர் என்பது ஜெயசீலி டீச்சர். கீழே சமவெளியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாண வயது போனதே தெரியவில்லை, அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் சுவர்க்கடிகாரத்துக்குத் துணையாக உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், குளிருக்கு ஆசைப்பட்டு மலையேறி வந்து, மேற்குத் தெருவின் கடைசியில் ஓர் ஓட்டுவீட்டை வாங்கிக்கொண்டார். அவர் வந்த புதிதில் மூடிக்கிடந்த எஸ்டேட் பங்களா ஒன்றின் சாமான்களைத் தெருவில் பரப்பி விற்றார்கள். கட்டிலும் பீரோவும் மான்கொம்பும் ஆளுக்கொன்றாக அள்ளிக்கொண்டு போன பிறகு மிஞ்சிக் கிடந்தது ஒரு கண்ணாடிச் சாமான். கீழே உருண்டையாக ஒரு குடுவை, அதன் வாயில் செருகி மேலே இன்னொரு குடுவை, நடுவில் ஒரு குழல், அடியில் சின்னதாக ஒரு ஸ்பிரிட் விளக்கு. காலமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் கழித்தவருக்கு அதைப் பார்த்ததும் சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. “இது சைஃபன். காப்பி போடுறதுக்கு” என்றார். விற்றவனுக்கு அது விளக்கா ஹூக்காவா என்றே தெரியாது, கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டான்.

கீழ்க்குடுவையில் தண்ணீர், மேல்குடுவையில் துணி வடிகட்டி, அதன்மேல் காப்பித்தூள். விளக்கைப் பற்றவைத்தால் தண்ணீர் சூடேறி, தன் ஆவியாலேயே நெட்டித் தள்ளப்பட்டு, குழல் வழியாக மேலேறித் தூளோடு கலந்து நிற்கும். விளக்கை எடுத்துவிட்டால் கீழ்க்குடுவை ஆறும், ஆற ஆற அதற்குள் ஒன்றுமே இல்லாமல் போகும், அந்த ஒன்றுமில்லாமை மேலே இருப்பதைக் கீழே இழுக்கும், காப்பி கடகடவென்று வடிந்து இறங்கும். இதில் அதிசயம் எதுவும் கிடையாது, பள்ளிக்கூடப் பாடம்தான். ஒரே ஒரு சங்கடம், அந்தக் குடுவையில் ஓர் ஆளுக்குக் காப்பி போட முடியாது. தண்ணீர் குறைந்தால் குழலின் வாய்க்கு எட்டாது. குறைந்தது ரெண்டு பேருக்குப் போட்டாக வேண்டும்.

ஆகவே டீச்சர் தினமும் ரெண்டு கோப்பை காப்பி போட்டார். ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதை மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தார். முதலில் எல்லாம் காப்பி ஏறும்போதே வாசலுக்கு வந்து தெருவில் போகிறவர்களைக் கூப்பிடுவார்.

“காப்பி குடிக்கிறீங்களா?”

“இல்ல டீச்சர், இப்பத்தான் குடிச்சேன்.”

நம் பக்கத்தில் இது பதிலே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்டவர் மறுபடி கேட்க வேண்டும், “அட, அரை டம்ளர்தான்” என்று சொல்ல வேண்டும், அதற்கும் மறுத்தால் “எங்க வீட்டுல எல்லாம் குடிப்பீங்களா” என்று கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டும், அதன்பிறகுதான் வந்தவர் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்து முழு டம்ளரையும் குடித்துவிட்டுப் போவார். ஆனால் ஜெயசீலி டீச்சர் மிஷன் விடுதியில் வளர்ந்தவர். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம், வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது மரியாதைக் குறைவு. அவர் “சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். மறுத்தவர்கள் படலைப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்று பார்ப்பார்கள், ரெண்டாவது அழைப்பு வராது, போய்விடுவார்கள். டீச்சர் ஒரு பேச்சுக்குத்தான் கேட்கிறார் என்று ஊர் முடிவுகட்டியது. தன் காப்பி நன்றாயில்லை என்று டீச்சர் முடிவுகட்டினார்.

பிறகு அந்தக் காப்பியைச் சரிசெய்வதே அவருடைய பிழைப்பாகிப் போனது. கொட்டையைக் கருக வறுத்துப் பார்த்தார், இளசாக வறுத்துப் பார்த்தார், வடிகட்டித் துணியை வெந்நீரில் போட்டுப் போட்டு அலசினார், இந்த ஊரில் வரக்காப்பியில் கருப்பட்டிதான் போடுவார்கள் என்று கேள்விப்பட்டுக் கருப்பட்டி வாங்கி வைத்தார், பால் விடாததுதான் குறையோ என்று பாலும் வாங்கித் திரிந்துபோகும் வரை வைத்திருந்தார். எதிர்க்கோப்பை ஆறிப்போகும். அதை எடுத்துப்போய்க் கொல்லையில் எலுமிச்சைச் செடிக்கு ஊற்றுவார், எலுமிச்சை நன்றாகத்தான் காய்த்தது.

அப்படி ஒரு சாயங்காலம்தான் குடுவை காப்பியை இழுத்து முடித்த பிறகும் இழுப்பதை நிறுத்தவில்லை. முதலில் ஜன்னல் திரை அதன் பக்கம் சாய்ந்தது. நாள்காட்டியின் தாள்கள் படபடத்துக்கொண்டு அதன் பக்கம் திரும்பின. சாத்தியிருந்த கதவு திறந்துகொண்டது, எதிர்வீட்டு ஜமீலாவின் தலைத்துணி ஒன்று கொடியிலிருந்து கழன்று, தெருவைக் கடந்து, படியேறி உள்ளே வந்து, மேஜைக்கு அந்தப்பக்கத்து நாற்காலியில் விழுந்தது. டீச்சர் அதை மடித்து வைத்தார். மறுநாள் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு வந்தது, அதற்கடுத்த நாள் தையல்காரர் கடையிலிருந்து ஒரு நூல்கண்டு தெரு நெடுக அவிழ்ந்தபடி வந்தது. வாசனைகளும் வந்து குடுவைக்குள் போயின. சில நாள் காப்பியில் யார் வீட்டிலோ தாளித்த வெங்காயம் இருக்கும், சில நாள் யாரோ ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டிய சோப்பு இருக்கும். எல்லோர் வீட்டுக்குள்ளேயும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தது போலிருக்க, டீச்சர் அதை மெதுவாகக் குடிப்பார். காலையில் வந்த சாமான்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் திருப்பிக்கொடுக்கப் போவார், ஜமீலாவின் துணிதான் அதிகம் இருக்கும், எதிர்வீடாயிற்றே.

ஊர் இதை எப்படி ஏற்றுக்கொண்டது என்றால், மழைக்கு ஓடு மாற்றுகிற மாதிரிதான் ஏற்றுக்கொண்டது. யாரும் கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஓடவில்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை. வயசானவர்கள் தடுமாறுகிறார்கள் என்று ஊராட்சியில் மனுக் கொடுத்தார்கள், தெரு முழுக்க ஓர் இரும்புக் கைப்பிடிக் கம்பி போட்டுக்கொடுத்தார்கள். அந்த நேரம் வந்ததும் தண்ணீர்க் குடத்தோடு வருகிறவள் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொள்வாள், அடுத்தவளும் பிடித்துக்கொள்வாள், பிடித்தபடியே ரெண்டு பேரும் மருமகளைப் பற்றிப் பேசி முடிப்பார்கள், இழுப்பும் நின்றிருக்கும். தெருவில் இருந்த எல்லாமே டீச்சர் வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நின்ற அந்த நேரத்தில் மனிதர்கள் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சும்மா விட்டிருந்தால் அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும், அது யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு காப்பிப் பருவம் வந்தது. பழத்தைப் பறித்து, தோலுரித்து, கழுவி, கொட்டையைக் களத்தில் பரப்பிக் காயவைக்கிற காலம். தேன்வரைக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரே பகையாளி, சாயங்காலம் மேலேயிருந்து இறங்குகிற மூட்டம். முக்கால்வாசி காய்ந்த கொட்டை ஒரு மூட்டத்தில் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஒரு வருஷத்துப் பாடு போய்விடும். அந்த வருஷமோ மூட்டம் களத்துக்கு மேலே வந்து நிற்பதும் டீச்சர் விளக்கை எடுப்பதும் ஒன்றாக நடந்தது. மூட்டம் நின்ற இடத்தில் தயங்கி, திரும்பி, அவிழ்ந்த தலைப்பாகை போல நீளமாகித் தெரு வழியே போய் டீச்சர் வீட்டு ஜன்னலுக்குள் நுழைந்து, குடுவைக்குள் மறைந்தது. களத்தில் வெயில் அடித்தது. களத்துக்குப் பொறுப்பான சின்னமாயன் கையிலிருந்த தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து டீச்சருக்கு ஊரில் இருந்த மரியாதையைச் சொல்லி முடியாது. படலோரம் காப்பிக்கொட்டைப் பை வந்து உட்கார்ந்திருக்கும், ஒருநாள் பலாப்பழம், ஒருநாள் மலைத்தேன். கொண்டுவந்து வைத்தவர்கள் மட்டும் நிற்க மாட்டார்கள்.

நடுவில் ஒருநாள் சமவெளியிலிருந்து ஓர் உர வியாபாரி வந்தான். கொடுப்பதை மறுக்காமல் வாங்கிக் குடித்தால்தான் சரக்கு விற்கும் என்று தொழில் கற்றுக்கொண்டவன். டீச்சர் ஒரே முறை கேட்டார், அவன் ஒரே முறையில் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். தழைச்சத்து, மணிச்சத்து என்று அவன் ஆரம்பிக்க, டீச்சர் அதன் வேதியியலைச் சொல்ல, அவன் நிஜமாகவே வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு ரெண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தான். அன்று காப்பி சாதாரணமாக வடிந்து இறங்கியது. திரை ஆடவில்லை. வியாபாரி போன பிறகு டீச்சர் எழுந்து காலிக் கோப்பைகள் ரெண்டையும் கழுவினார். ரெண்டு கோப்பை கழுவுவது அவ்வளவு சந்தோஷமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் களத்தில் மூட்டம் இறங்கிப் பாதிக் கொட்டையை நனைத்துவிட்டிருந்தது.

மறுநாள் காலை களத்தில் கூட்டம் கூடியது. சின்னமாயன்தான் பேசினார்.

“டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல. அவுங்க தங்கமானவுங்க. ஆனா ஆளு கூட உக்காந்தா குடுவை இழுக்க மாட்டேங்குது, அத நம்ம எல்லாரும் பாத்தாச்சு. அதனால பருவம் முடியிற வரைக்கும் யாரும் அங்க போயி காப்பி குடிக்க வேணாம். வேற என்ன வேணும்னாலும் அவுங்களுக்குச் செய்வோம்.”

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பருவம் முடிந்தது. பருவம் முடிந்தால் மிளகு காயவேண்டும், மிளகு முடிந்தால் ஏலக்காய், அதற்குள் அடுத்த பருவம். கட்டுப்பாட்டை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. டீச்சர் வாசலுக்கு வந்தாலே போதும், கேட்பதற்கு முன்னாலேயே தெருவின் அந்தக் கோடியிலிருந்து “இப்பத்தான் குடிச்சேன் டீச்சர்” என்று குரல் வரும், அதைச் சொல்லும்போது எல்லோரும் மிகவும் அன்பாகச் சிரிப்பார்கள். டீச்சர் மீண்டும் தூளை மாற்றிப் பார்த்தார். ஆள் மெலிந்துபோனார். இழுப்பு மட்டும் வருஷத்துக்கு வருஷம் பலமாகிக்கொண்டே வந்தது, பக்கத்து மலைக்காரர்கள்கூடத் தங்கள் கொட்டையைத் தேன்வரைக் களத்தில் காயவைக்க இடம் கேட்டு வந்தார்கள்.

உண்மை அவருக்குத் தெரியவந்தது, பழம் பறிக்கப் புதிதாக வந்த ஒரு பெண்ணால்தான். கூடையோடு படலருகே மூச்சு வாங்க நின்றவளைப் பார்த்து டீச்சர் காப்பி குடிக்கிறாயா என்று கேட்க, அவள் பாவம் சந்தோஷமாகக் கூடையை இறக்கப்போனாள். கூட வந்தவள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

“அந்த வீட்டுல குடிக்கக் கூடாதுடி. குடிச்சா களத்துல கொட்டை பூராம் நனஞ்சிரும். ஊர்க்கட்டுப்பாடு.”

மலையில் இருக்கிறவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்தார், பிறகு எழுந்து வெளியே வந்தார். எதிரே ஜமீலா கொடியிலிருந்து துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள், இழுப்பு நேரத்துக்கு முன்னால் எடுத்துவிட வேண்டுமே.

“ஜமீலா, ஒரு நிமிஷம் வாங்க.”

ஜமீலா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு படி வரைக்கும் வந்தாள். அவள் வீட்டில் மாமியார், மாமனார், கொழுந்தன், பிள்ளைகள் என்று எப்போதும் ஆட்கள் இருந்தார்கள், எல்லோருக்கும் ஆற்றிக்கொடுத்துவிட்டு மிச்சத்தை அடுப்படியில் நின்றுகொண்டே குடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறவள் அவள்.

“என்னோட உட்கார்ந்து காப்பி குடிக்கக் கூடாதுன்னு ஊர்ல கட்டுப்பாடு இருக்காமே.”

“யாரு சொன்னா?”

“இருக்கா, இல்லையா?”

“இருக்கு டீச்சர்” என்றாள் ஜமீலா. “அந்த உர ஆளு வந்துட்டுப் போன மறுநா பேசி வச்சாங்க. உங்க மேல யாருக்கும் ஒண்ணும் இல்ல. கொட்டை காயணுமில்ல, அதுக்குத்தான்.”

“நீங்களும் அங்க இருந்தீங்களா?”

“இருந்தேன். ஒண்ணும் சொல்லல.”

டீச்சர் திட்டுவார் என்று ஜமீலா எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் அதற்குப் பதில் வைத்திருந்தாள். டீச்சர் படியில் தெரிந்த பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் இவ்வளவு காலமும் என் காப்பி நல்லாயில்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்” என்றார்.

“தண்ணி மேல ஏறுறப்போ வாசம் எங்க அடுப்படி வரைக்கும் வரும் டீச்சர். நல்ல வாசம்.”

“குடிக்கிறீங்களா?”

“இல்ல டீச்சர், இப்பத்தான்...” பழக்கத்தில் வந்த வார்த்தை, அவளே பாதியில் விட்டுவிட்டாள்.

டீச்சர் உள்ளே திரும்பப்போனார், திரும்பாமல் நின்றார். அப்புறம் வாழ்க்கையில் முதல்முறையாக ரெண்டாவது தடவை கேட்டார். “அரைக் கோப்பையாவது குடிங்களேன், ஜமீலா.”

அங்கிருந்து பார்த்தால் களம் தெரியும். ஜமீலாவின் புருஷன் யூசுப் அவர்களுடைய கொட்டையைப் பலகையால் துழாவிக்கொண்டிருந்தான். ரெண்டு பெண்களின் படிப்பும் மாமனாரின் மருந்தும் அந்தக் கொட்டையில்தான் கிடந்தன. அதற்கு மேலே மலைச்சரிவில் மூட்டம் வெள்ளையாகத் திரண்டுகொண்டிருந்தது.

“கொட்டை இன்னும் ஈரமாத்தான் கிடக்கு டீச்சர்” என்று சொல்லிவிட்டு ஜமீலா இறங்கிப் போனாள்.

“சரி” என்றார் டீச்சர்.

அன்று அவர் காப்பி போடாமல் விட்டிருக்கலாம். கோபத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கலாம், ஊரே பதறியிருக்கும். ஆனால் அந்தக் கொட்டையில் யார் யாருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்வந்ததில் அவருக்குத் தெரியும். தண்ணீரை ஊற்றினார், தூளைப் போட்டார், விளக்கைப் பற்றவைத்தார். தண்ணீர் ஏறியது. மரக்கரண்டியால் கலக்கிவிட்டார், அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. விளக்கை எடுத்தார்.

அன்றைக்கு இழுத்த மாதிரி தேன்வரையில் என்றைக்கும் இழுத்ததில்லை. முட்டுக்கொடுத்த குழவிகள் உருண்டன, ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலகலத்தன, சின்னமாயனின் பீடி வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது, மலைச்சரிவிலிருந்த மூட்டம் மொத்தமும் அணை உடைந்தாற்போல ஊருக்கு மேலே சாய்ந்து வந்தது. தெருவில் இருந்தவர்கள் ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். திறந்து கிடந்த கதவு வழியாக டீச்சருக்கு எல்லாம் தெரிந்தது. ஜமீலாவும் தன் வீட்டு வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், தலைத்துணி அவள் முகத்துக்கு முன்னால் மேற்கே நீண்டு துடித்தது, அதை விலக்கிக்கொண்டு அவள் டீச்சரைப் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தாள். நழுவவில்லை, அவளாகத்தான் எடுத்தாள், டீச்சர் பார்த்தார்.

செருப்பு ரெண்டும் வாசலிலேயே நின்றுவிட, அவள் தெருவைக் கடந்து, படியேறி, கதவுக்குள் வந்து, மேஜைக்கு அந்தப்பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் இழுப்பு நின்றது. மேல்குடுவையில் பாதியாக இருந்த காப்பி அவசரமே இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குச் சீனி தூக்கலா இருக்கணும் டீச்சர்” என்றாள் ஜமீலா, மூச்சு வாங்கிக்கொண்டு.

சீனி டப்பாவில் சீனி யாரும் தொடாமல் கிடந்து கல்லாக இறுகியிருந்தது. டீச்சர் கரண்டிக் காம்பால் அதைக் கொத்திக்கொண்டிருக்கும்போது வெளியே சின்னமாயன் சாக்கு எங்கே, தார்ப்பாய் எங்கே என்று கத்துவது கேட்டது, ஆட்கள் களத்தை நோக்கி ஓடுகிற சத்தம் கேட்டது. இழுக்க ஆளில்லாமல் பாதி வழியில் விடப்பட்ட மூட்டம் ஊர்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. யூசுப் ஜமீலாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், மறுபடியும் கூப்பிட்டான்.

“உங்களைத்தான் கூப்பிடுறாங்க” என்றார் டீச்சர்.

“கேக்குது.”

“உங்க கொட்டையும் நனையுமே.”

“நனையும் டீச்சர். வீட்டுக்குப் போனா பெரிய சண்டை இருக்கு. மொதல்ல இதைக் குடிச்சிட்டுப் போறேன்.”

டீச்சர் கோப்பையை அவள் முன்னால் வைத்தார். திறந்த கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் மூட்டம் உள்ளே வந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்குள் அது நின்றதே இல்லை, வந்த வேகத்தில் குடுவைக்குள் போய்விடும். இன்று அது மெதுவாக அறையை நிறைத்தது. நாள்காட்டி மறைந்தது, அலமாரி மறைந்தது, குடுவை மறைந்தது, மேஜையின் அந்தப்பக்கம் மறைந்தது, கடைசியில் டீச்சருக்குத் தன் கையே தெரியவில்லை. அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே எந்தச் சத்தமும் இல்லை. எழுந்து போயிருப்பாள், போகத்தானே வேண்டும், அவளுக்குக் குடும்பம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் பொறுக்க முடியவில்லை.

“ஜமீலா, இருக்கீங்களா?”

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு வாய் காப்பியை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“இருக்கேன் டீச்சர். இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.”